ஏற்காட்டு மலையில் ஒரு நாள்: நடைக்கு ஒருவர், கல்லுக்கு ஒருவர்

(வாசகர் கேள்விகளுக்கு, கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்ற நம் கட்டுரையாளர் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: என் கணவருக்கு மலையில் நடப்பது பிடிக்கும், எனக்குக் கற்களைப் பார்ப்பது பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பும்படி ஏற்காடு போய்வர எண்ணுகிறோம். சென்ற முறை அவர் முன்னால் போய்க்கொண்டே இருக்க, நான் ஒவ்வொரு பாறையருகிலும் நின்றுவிட்டேன். திரும்பும்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இருவருக்கும் ஏற்றபடி ஒரு நாளை எப்படி அமைப்பது? அங்கே என்னென்ன கற்களைப் பார்க்கலாம்? (ஒரு வாசகி, தருமபுரி)

பதில்: கல் பார்ப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் அரைக் கிலோமீட்டர் நகர்ந்தாலே அதிகம், நடப்பவருக்கு 4 கிலோமீட்டரும் குறைவாகத்தான் தோன்றும். இந்த இரண்டையும் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் செய்ய முயன்றதால் வந்த வருத்தம் அது. கல் பார்ப்பதற்கென்று வண்டியை நிறுத்தும் இடங்களைத் தனியாகவும், இடையில் நிற்காமல் நடக்கும் நேரத்தைத் தனியாகவும் வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு புறப்படுங்கள். நடக்கும் நேரத்தில் நீங்கள் கல்லைப் பார்த்து நிற்கக் கூடாது. கல் பார்க்கும் இடத்தில் அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது.

தருமபுரியிலிருந்து வருவதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஓமலூரைத் தாண்டிச் சேலத்தை நெருங்கும்போது, கருப்பூர், மாமாங்கம் பகுதிகளில், செம்மண்ணும் பழுப்புப் பாறையுமான மேடுகளின் ஊடே வெள்ளை வெள்ளையாக நரம்புகள் ஓடுவதைப் பார்க்கலாம். தமிழில் சுண்ணாம்புக் கரடு என்றும், ஆங்கிலேயர் காலத்திலிருந்து சாக் ஹில்ஸ் என்றும் பெயர் பெற்ற இடம் இதுதான். பெயரில் சுண்ணாம்பு இருந்தாலும் உள்ளே இருப்பது சுண்ணாம்புக்கல் இல்லை. மக்னீசியம் கார்பனேட்டான மாக்னசைட். ஊர்க்காரர்கள் அதை வெள்ளைக்கல் என்றே சொல்வார்கள். பூமியின் ஆழத்திலிருந்து வந்த, மக்னீசியம் மிகுந்த கரும்பச்சைப் பாறையின் விரிசல்களுக்குள் கரியமில வாயு கரைந்த நீர் இறங்கி, அந்தப் பாறையின் மக்னீசியத்தோடு வினைபுரிந்து இந்த வெள்ளை நரம்புகளை உண்டாக்கியது. எஃகு உலைகளின் உட்சுவருக்கு வேண்டிய, கடும் வெப்பம் தாங்கும் செங்கற்கள் இதிலிருந்து செய்யப்படுகின்றன. சுரங்கப் பகுதிகள் குத்தகை நிலங்கள் ஆதலால் உள்ளே நுழைய வேண்டாம். சாலையில் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி நின்று, அந்த நரம்புகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் வலை பின்னியதைப் போல் ஓடுவதை 10 நிமிடம் பார்த்தால் போதும்.

அடுத்த நிறுத்தம் மலைச்சாலை. அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏறுகிறீர்கள்; காற்று 7 அல்லது 8 டிகிரி குளிர்ந்துவிடும். சாலைக்காக வெட்டிய பாறைச் சுவர்களைக் கவனியுங்கள். வெளிப்பக்கம் பழுப்பேறி, வெங்காயச் சருகு உரிவதுபோல் தோல் தோலாகக் கழன்றிருக்கும். புதிதாக உடைந்த முகம் எங்கேனும் தெரிந்தால், அது பச்சை கலந்த கருஞ்சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியதுபோன்ற மினுமினுப்புடன் இருக்கும். இதுதான் சார்னோக்கைட். கல்குவாரிக்காரர்களுக்கு இதுவும் பொதுப்பெயரில் கருங்கல்தான்.

இந்தப் பெயரின் கதையை நீங்கள் போகும் வழியில் உங்கள் கணவரிடம் சொல்லலாம்; கல் பிடிக்காதவருக்கும் கதை பிடிக்கும். கல்கத்தாவில் ஆங்கிலேயக் குடியிருப்புக்கு வித்திட்டவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல்லை, தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் ஆராய்ந்தார். அது சென்னைப் பரங்கிமலைப் பக்கத்துப் பாறை என்று கண்டு, 1893ஆம் ஆண்டு அந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். வங்காளத்தில் புதைந்த ஒருவரின் பெயரை நம் ஊர்க் கல் உலகமெங்கும் சுமந்துகொண்டிருக்கிறது. பல்லாவரத்துக்கோ பரங்கிமலைக்கோ அந்தப் பெருமை கிடைத்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் மனக்குறை.

சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நிலத்தின் மேற்பரப்புக்கு 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருவானது. அதற்கு மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் அரிப்பினால் போய், அடியில் கிடந்தது இன்று மலையாக நிற்கிறது. வளைவுகளில் வண்டியை நிறுத்துவது ஆபத்து. சாலையை அகலப்படுத்தி ஒதுக்கிய இடங்களில் மட்டுமே நிறுத்துங்கள்.

மேலே போனதும் உங்கள் கணவரின் நேரம் தொடங்கட்டும். ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் வரை சாலையோடு நடந்தால் 5 அல்லது 6 கிலோமீட்டர் இருக்கும். காப்பித் தோட்டங்களும் அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளும் வழியெல்லாம் வரும். இந்த நடையில் நீங்கள் அவருக்கு ஈடு கொடுத்து நடந்துவிட்டால், கோயில் மேட்டுக்குப் போனபின் உங்களுக்கு ஒரு மணி நேரம் முழுமையாகக் கிடைக்கும்.

அந்த மேடு 1,600 மீட்டருக்கும் மேற்பட்டது. உச்சி கூராக இல்லாமல் சமதளமாக இருப்பதைப் பார்த்தவுடன் கேள்வி எழ வேண்டும். வழியெல்லாம் பார்த்த கருஞ்சாம்பல் பாறை இங்கே எங்கே போயிற்று? காலடியில் இருப்பது சிவப்பும் மஞ்சளும் இளஞ்சிவப்புமான, அங்கங்கே பட்டாணி அளவு உருண்டைகள் ஒட்டிய, கையில் எடுத்தால் துகள் ஒட்டும் பாக்சைட்டும் செம்புரைக்கல்லும். அது வேறு இடத்திலிருந்து வந்து சேரவில்லை. அதே சார்னோக்கைட்தான் உருமாறிக் கிடக்கிறது. வெப்பமும் மழையும் மிகுந்த காலங்களில், நீண்ட நெடுங்காலம், மழைநீர் பாறையிலிருந்த சிலிக்காவையும் கால்சியம், சோடியம் போன்றவற்றையும் கரைத்துக் கொண்டுபோக, எளிதில் கரையாத அலுமினியமும் இரும்பும் உச்சியில் தங்கிவிட்டன. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையின் பாக்சைட் பல ஆண்டுகள் போயிற்று. வளைவில் பார்த்த பாறையையும் உச்சியில் பார்க்கும் மண்கல்லையும் மனத்தில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தீர்களானால், பயணத்துக்கு எரித்த பெட்ரோலுக்கு அதுவே ஈடு.

மாலையில் லேடீஸ் சீட் காட்சி முனைக்கு வாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் கீழே சேலமும், காலையில் நின்று பார்த்த வெள்ளை வெட்டுக்குழிகளும், நகரத்துக்கு அப்பால் கஞ்சமலையும் தெரியும். கஞ்சமலை இரும்புத்தாது மலை. காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட்டும் குவார்ட்சும் வரி வரியாக அமைந்த பாறை அங்கே உள்ளது. அதை இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

கேள்வி: அண்மையில் திருமணமான நாங்கள் இருவருமே இதற்குப் புதியவர்கள். என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்? இணையத்தில் பார்த்தால் பட்டியல் நீளமாக இருக்கிறது. (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: பணத்தைச் செலவழித்தே ஆக வேண்டுமென்றால் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நல்ல கைவில்லை ஒன்றை வாங்குங்கள், ஆளுக்கு ஒன்றாக இரண்டு இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் ஒன்றை இருவர் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது சொல்ல வந்தது மறந்துபோகும். வில்லையைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு கல்லை அதன் அருகில் கொண்டுவர வேண்டும். பலர் பூதக்கண்ணாடியைப் பிடிப்பதுபோல் தள்ளிப் பிடித்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள்.

மற்றவை வீட்டிலேயே கிடைக்கும். சிறு காந்தம், பழைய எஃகுக் கத்தி, மெருகில்லாத பின்பக்கம் கொண்ட ஓட்டுத் துண்டு ஒன்று, சிறு குப்பியில் வினிகர், பழைய செய்தித்தாள், அழியாத மை பேனா, நோட்டு. கல்லை ஓட்டுத் துண்டில் உரசினால் விழும் கோட்டின் நிறம், கல்லின் வெளிநிறத்தைவிட நம்பத்தக்கது. ஹேமடைட் என்ற இரும்புத்தாது கறுப்பாகத் தோன்றினாலும் கோடு செம்பழுப்பாக விழும். மேக்னடைட்டின் கோடு கறுப்பாகவே விழும். வினிகர் பட்டால் சுண்ணாம்புக்கல்லில் மெல்லக் குமிழ் எழும். சேலத்து வெள்ளைக்கல்லில் எழாது. சுண்ணாம்புக் கரடு என்ற பெயரை நம்பி ஏமாறாமல் இருக்க இந்த ஒரு சொட்டு போதும்.

சுத்தியலைத் தொடக்கத்தில் வாங்காதீர்கள். காட்டுப் பகுதியில் அதைக் கையில் வைத்திருப்பதே வீண் சந்தேகத்தைக் கிளப்பும். பட்டா நிலத்தில் உரியவர் அனுமதியோடு உடைக்கும் நிலை வந்தால், பாறைக்கென்று செய்த சுத்தியலையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியையும் சேர்த்தே வாங்குங்கள். தச்சுச் சுத்தியலால் கருங்கல்லை அடித்தால் சுத்தியலின் விளிம்பே சிதறிக் கண்ணில் பாயக்கூடும். பக்கத்தில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கும் அதே ஆபத்து உண்டு.

கேள்வி: மலையில் தரையில் கிடக்கும் ஒரு கல்லை எடுத்து வருவதில் என்ன தவறு? யாரும் தடுப்பதாகத் தெரியவில்லையே. (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தடுப்பவர் எதிரில் இல்லாததால் அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருள் கொள்ள முடியாது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் வன விளைபொருள் என்று வரையறுப்பதில், காட்டிலிருந்து எடுக்கப்படும் பாறையும் மேல்மண்ணும் கனிமங்களும் அடங்கும். தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள 1882ஆம் ஆண்டுச் சட்டமும் காப்புக்காட்டில் கல் வெட்டுவதைத் தடை செய்கிறது. சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. ஆகவே காட்டில் கண்ணால் பாருங்கள், அளவு தெரிய ஒரு பேனாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், குறிப்பு எழுதுங்கள், கல்லை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிடுங்கள். ஒரு கல்லைப் புரட்டினால் அதன் அடியில் வாழும் தேளுக்கும் தவளைக்கும் கூரை போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் தனியார் தோட்டத்திலோ வயலிலோ, உரியவரைக் கேட்டு, கைக்கு அடங்கும் அளவில் ஒன்றிரண்டு எடுக்கலாம். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். காப்பியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

நடைக்கும் அனுமதி வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் அதற்குப் பிறகு அதே ஆண்டில் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தின்கீழ் 40 மலையேற்றப் பாதைகளை இணையவழி முன்பதிவுடனும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடனும் திறந்தது. அந்த வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையைச் சேர்ந்த இளைஞர்கள். கல்லுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காட்டுத்தீ அபாயம் உள்ள கோடை மாதங்களில் பாதைகள் மூடப்படும். அந்த நேரத்தில் குறுக்கு வழி காட்டுவதாக யாரேனும் சொன்னால் போகாதீர்கள்.

கேள்வி: கொல்லிமலை போய்த் திரும்பும்போது, உறவினர் நிலத்தை ஒட்டிய ஓடையில் சிவப்புப் புள்ளிகள் பதிந்த ஒரு கல் கிடைத்தது. மாணிக்கம் என்று என் மனைவி சொல்கிறார். கண்ணாடி என்று நான் சொல்கிறேன். பந்தயம் கட்டியிருக்கிறோம். யார் சொல்வது சரி? (ஒரு வாசகர், நாமக்கல்)

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்த அளவில் இருவருமே தோற்றுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பாறைக்குள் பதிந்து முகங்களோடு வளர்ந்திருப்பதால் அது கண்ணாடி ஆகாது. மாணிக்கமாகவும் இராது, பெரும்பாலும் கார்னெட் என்ற கனிமம். நம் மலைப்பாறைகளில் கார்னெட் மிகச் சாதாரணம். கன்னியாகுமரிக் கடற்கரையில் சிவந்த மணல் பார்த்திருப்பீர்களே, அந்தச் சிவப்புக்குக் காரணம் மலைகளிலிருந்து ஆறுகள் கொண்டுபோய்ச் சேர்த்த கார்னெட்தான். உங்கள் மனைவி மனம் வருந்த வேண்டியதில்லை: நகைக்கடையில் கோமேதகம் என்று விற்பதும் கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்த கல்லே.

உறுதி செய்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வடிவம். கார்னெட் 12 முகமோ 24 முகமோ கொண்ட உருண்டை போல் வளரும். மாணிக்கம் ஆறு பக்கமுள்ள தட்டாகவோ, நடுவில் பருத்த பீப்பாய் போலவோ வளரும். மற்றொன்று கடினம். எஃகுக் கத்தி இரண்டையும் கீறாது என்பதால் கத்தியை நம்ப வேண்டாம். ஓடையிலேயே கிடக்கும் வெங்கச்சாங்கல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது குவார்ட்ஸ், 1 முதல் 10 வரையுள்ள கடின அளவில் 7. உங்கள் சிவப்புக் கல்லின் முனையால் அதன்மேல் அழுத்திக் கீறுங்கள். மாணிக்கத்தின் கடினம் 9 ஆதலால் குவார்ட்சில் ஆழமாகக் கோடு விழும். கார்னெட் ஏறக்குறைய குவார்ட்சுக்குச் சமம்; வழுக்கும், அல்லது மங்கலாக ஒரு தடம் விடும். விழுந்த தடத்தை விரலால் துடைத்துப் பார்த்து, அது கோடா, அல்லது உங்கள் கல்லிலிருந்து உதிர்ந்த பொடியா என்று பாருங்கள். பந்தயம் கட்டியவர்கள் இந்த இடத்தில்தான் தங்களுக்குச் சாதகமாகப் பார்த்துவிடுவார்கள்.

மாணிக்கக் கனவை முற்றிலும் கைவிடவும் வேண்டாம், ஏனெனில் நீங்கள் இருப்பது நாமக்கல் மாவட்டம். உங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறைக்குள் இளஞ்சிவப்பும் சிவப்புமான குருந்தம் இருக்கிறது. மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் நிற வேறுபாடுகளே. ஆங்கிலத்தில் கொரண்டம் என்று உலகம் முழுவதும் நிலவியல் நூல்களில் வழங்கும் சொல், நம் குருந்தத்திலிருந்து போனதுதான். நிலவின் மேட்டுநிலப் பகுதிகள் பெருமளவு இதே அனார்த்தோசைட் வகைப் பாறையால் ஆனவை. அதனால் சந்திரயான் திட்டத்துக்காக நிலவின் மண்ணைப் போன்ற மண்ணைத் தயாரிக்க இஸ்ரோவுக்குப் பாறை தேவைப்பட்டபோது, சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் பாறையை எடுத்துப் பொடித்துப் பயன்படுத்தினார்கள். கொல்லிமலைக்குப் போய் வரும் ஒரு நாளில் பாதியை அந்தப் பக்கம் செலவிட்டு, வேலியோரத்து வெளிர்நிறப் பாறையை இருவரும் சேர்ந்து தொட்டுப் பாருங்கள். பந்தயப் பணத்தை அன்றைய சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு 63 வயது, என் மனைவிக்கு 58. முழங்கால் வலி உண்டு. இந்த வயதில் இதெல்லாம் சரிப்படுமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கேடு. ஆகையால் ஏறும்போது நடந்து, இறங்கும்போது வண்டியில் வாருங்கள். கைத்தடியும் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரும் வேண்டும். மழைக்காலமென்றால் அருவிப் பாறைகளின் பக்கம் போகவே வேண்டாம். கல் பார்ப்பதற்கு வேகம் தேவையில்லை என்பதால் இந்த வயதுதான் இதற்கு ஏற்ற வயது என்பேன்.

கேள்வி: மூன்று ஆண்டுகளில் இருவரும் சேர்த்த கற்கள் ஒரு பெட்டி நிறைய உள்ளன. அவற்றைக் கழுவலாமா? எப்படிப் பாதுகாப்பது? (ஒரு தம்பதி, திருச்சிராப்பள்ளி)

பதில்: நீரும் பழைய பல் துலக்கியும் போதும். பளிச்சென்று ஆக்க வேண்டும் என்று கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தில் போடாதீர்கள்; கைக்கும் கேடு, கல்லின் இயல்பான தோலும் போய்விடும். பாக்சைட்டையும் செம்புரைக்கல்லையும் ஊறவைத்தால் உதிரும், அவற்றைத் தூசி தட்டினால் போதும். காக்காய்ப்பொன் படிந்த கற்களை ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகத் தாளில் சுற்றுங்கள், ஏடு ஏடாகக் கழன்றுவிடும்.

கழுவுவதைவிட முக்கியமானது எண் இடுவது. கல்லின் அழகில்லாத பக்கத்தில் எழுத்துப்பிழை திருத்தும் வெள்ளை மையை ஒரு பொட்டு வைத்து, காய்ந்தபின் அதன்மேல் எண் எழுதுங்கள். அதே எண்ணை நோட்டில் எழுதி, எடுத்த நாள், ஊர், யாருடைய நிலம், பாறையிலிருந்து பெயர்ந்ததா அல்லது ஓடையில் உருண்டு கிடந்ததா, சுற்றியிருந்த பாறை எது என்பவற்றை அதன் எதிரே குறித்துவிடுங்கள். பணியில் சேர்ந்த புதிதில், நினைவிருக்கும் என்ற நம்பிக்கையில், ஒரே நாளில் மூன்று ஊர்களில் எடுத்த 11 கற்களை ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்தேன். எது எந்த ஊர்க் கல் என்று அன்றிரவே குழம்பிவிட்டது. அவை இன்று எங்கள் வீட்டு மாடியில், வற்றல் காயவைக்கும் துணி பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் உட்கார்ந்திருக்கின்றன.

உங்கள் பெட்டியில் உள்ளவற்றில் எத்தனைக்கு இடம் நினைவிருக்கிறதோ அத்தனைக்கும் இன்றே எண் போடுங்கள். ஒருவருக்கு மறந்தது மற்றவருக்கு நினைவிருக்கும் என்பது இருவராகப் போவதில் உள்ள லாபம். கடிதத்தை எழுதியவர் ஒருவர், முகவரியை எழுதியவர் மற்றொருவர் என்று கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எண் போடும் வேலையை முகவரி எழுதியவரிடம் விட்டுவிடுங்கள்.